வண்டித்தடத்தில் கடலை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயிலில் விதைக்கிறவன் உவமை பாடமாக வந்தது. வாசித்தவன் பதினோராம் வகுப்புப் படிக்கும் பையன். அவசரமாக வாசித்தான். இரண்டு இடத்தில் தடுக்கினான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பழைய சபை மூப்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாசிச்ச மாதிரி வருமா? ஏன்தான் விட்டீங்களோ" என்றார். இந்தக் கேள்விக்கு மூன்று வருடமாக நான் சொல்லி வரும் பதில், "கண்ணு சரியில்ல" என்பது. கண் நன்றாகவே இருக்கிறது. செய்தித்தாளில் வரி விளம்பரம் வரைக்கும் வாசிக்கிறேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் என் வயதுக்காரர்கள். உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் சாத்தான்குளம் பக்கம். தேரி மணல் முடிந்து செம்மண் தொடங்கும் இடம். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு வேதம் புதிதல்ல. முதலூர் கிறிஸ்தவ ஊராக உண்டானது 1799-ல். ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். எங்கள் வீட்டில் நான் ஐந்தாவது தலைமுறை. தொட்டிலில் வேதம் கேட்டோம், பள்ளிக்கூடத்தில் கேட்டோம், கல்யாண வீட்டில் கேட்டோம், கல்லறைத் தோட்டத்தில் கேட்டோம். இப்படிக் கேட்டுக் கேட்டு வளர்ந்தது பெரிய பாக்கியம் என்று நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன்.

என் அம்மாவுக்கு அந்தப் பாக்கியம் தாமதமாகத்தான் கிடைத்தது. அம்மா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நான் பிறந்த பிறகு, உபதேசியார் வீட்டம்மா ராத்திரி அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். கடைசிவரை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். எழுத்துக்கு அடியில் விரல் எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். ஒரு அதிகாரம் முடிய அரை மணி நேரம் ஆகிவிடும். பத்து வயதுப் பையனான எனக்கு அதைக் கேட்க எரிச்சலாக வரும். ஒரு நாள் பாதியில் வேதபுத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய், ஒரு உழக்கு அரிசியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். முந்தின வாரம் கடன் வாங்கிவிட்டு மறந்துபோன அரிசி. திரும்பி வந்து, விட்ட இடத்தில் விரலை வைத்து மறுபடி ஆரம்பித்தார்.

"முடிச்சிட்டுப் போனா என்னம்மா?" என்று கேட்டேன்.

"முடிச்சா மறந்துரும்ல" என்றார். அப்போது அது எனக்கு ஒரு படிக்காதவரின் பதிலாகத்தான் பட்டது.

1961-ல் ஓய்வுநாள் பள்ளி ஆண்டு விழாவில் இதே விதைக்கிறவன் உவமையை நாடகமாகப் போட்டார்கள். நான்கு நிலத்துக்கு நான்கு பிள்ளைகள். என்னிடம் வெள்ளைச் சட்டை இருந்ததால் நான் நல்ல நிலம். என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. அவன் காக்கை. கறுப்புச் சேலைத் துணியைத் தோளில் கட்டிவிட்டிருந்தார்கள். விதைக்குப் பதில் பொரிகடலை. பாதையில் விழுந்ததை மட்டும் பொறுக்கவேண்டும் என்று பத்துத் தடவை சொல்லியிருந்தும், மேடையில் ஏறியதும் முள் நிலம், பாறை நிலம், என் காலடி என்று ஒரு மணி விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டான். நூறு மடங்கு பலன் தரவேண்டிய நான் வெறுங்கையோடு நின்றேன். கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

விளையாட்டாகச் சொல்லவில்லை, அன்றைக்குக் கிடைத்த அந்தப் பட்டத்தை நான் அறுபது வருடம் கழற்றவே இல்லை. எந்தப் போதகர் இந்த உவமையில் பிரசங்கம் செய்து, சபையை நான்காகப் பிரித்து, "நீங்கள் எந்த நிலம்?" என்று கேட்டாலும் எனக்கு யோசிக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை.

1976-ல் கிராம சேவக்காக வேலைக்குச் சேர்ந்தேன். பதவியின் பெயர் மாறி மாறி, கடைசியில் உதவி வேளாண்மை அலுவலராக 2009-ல் ஓய்வு பெற்றேன். விளாத்திகுளம், எட்டயபுரம், சங்கரன்கோவில் என்று எங்கே மாற்றிப் போட்டாலும் முதல் ஞாயிறே அந்த ஊர்க் கோயிலைக் கண்டுபிடித்துவிடுவேன். இரண்டாவது மாதம் பாடம் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். குரல் அப்படி அமைந்துவிட்டது. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே தாழ்த்தவேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஐயரம்மா ஒருவர், என் வாசிப்பைக் கேட்டால் பிரசங்கமே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அதை நான் மறக்காமல் வைத்திருந்ததே ஒரு அடையாளம்தான்.

நான் கேட்ட விதத்தையும் சொல்லவேண்டும். முதல் வரி காதில் விழுந்ததுமே மீதி அதிகாரம் மனதுக்குள் ஓடி முடிந்துவிடும். பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது. பிரசங்கம் தொடங்கினால் மதிப்பெண் போடுவேன். முன்னுரை நீளம், உதாரணம் பழசு, ஐயர் நன்றாகத் தயாரிக்கவில்லை. நெஞ்சில் தைக்கும்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால், அது யாருக்குப் பொருந்தும் என்று பெஞ்சு பெஞ்சாகக் கண் போகும். "இவருக்கு இது வேணும்" என்று தோன்றும். எனக்கு வந்த கடிதங்களையெல்லாம் விலாசம் மாற்றி மாற்றி அடுத்த வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அடுத்த வீடு பெரும்பாலும் என் தம்பியின் வீடு.

அப்பா பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார். 2002-ல் இறந்தார். அந்த நான்கு வருடமும் பார்த்துக்கொண்டவர்கள் தம்பியும் அவன் மனைவியும். நான் வெளியூரில் வேலை. மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, கட்டில் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, சங்கீதம் ஒன்றை நல்ல குரலில் வாசித்து, ஜெபித்துவிட்டு பஸ் ஏறுவேன். 2003-ல் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. மொத்தம் 2 ஏக்கர் 40 சென்ட். கிணறு கிழக்கு ஓரத்தில். கிணற்றுப் பக்கத்தை முழுதாகத் தனக்கு விடவேண்டும் என்று தம்பி கேட்டான். சரிபாதியாக அளந்து, கிணற்றிலும் பாதி எழுதவேண்டும் என்று நான் நின்றேன். சட்டப்படி நான் சொன்னதில் தவறில்லை. பேச்சு முற்றியபோது ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்கள் ஆறேழு பேர் முன்னால், அவன் மனைவி முன்னால் சொன்னேன்.

"அப்பாவுக்கு மலம் மூத்திரம் அள்ளினதுக்குக் கூலி கேக்கியால?"

தம்பி பதில் பேசவில்லை. எழுந்து போய்விட்டான். அளந்தது அளந்தபடி பத்திரமானது. அதோடு பேச்சு நின்றது. ஓய்வு பெற்று நான் ஊரோடு வந்த பிறகும் அதேதான். என் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் இடையில் நான்கு வீடு. கோயிலில் அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். அசனப் பண்டிகையில் அவன் சோறு விளம்பும் பந்தியில் நான் உட்காரமாட்டேன். ஊர் இதைப் பழகிக்கொண்டது. நாங்களும் பழகிக்கொண்டோம்.

மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஒரு இடம் உண்டு, உங்களுக்குத் தெரியும். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவனுக்கு, சகோதரன் தன்மேல் குறையாக இருப்பது நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிற இடம். அதை எங்கள் கோயிலில் நானே எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். தம்பி இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். வாசிக்கும்போது என் மனதில் என்ன ஓடும் தெரியுமா? "அவன் காதில் நன்றாக விழட்டும்" என்பதுதான். இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசிப்பேன். அதில் சொல்லியிருப்பது, யார்மேல் குறை இருக்கிறதோ அவன் எழுந்து போகவேண்டும் என்று. அப்படிப் பார்த்தால் காணிக்கையோடு நிற்பவன் நான். இவ்வளவு எளிய தமிழ் எனக்குப் பதினெட்டு வருடம் புரியவில்லை.

2021-ல் கொரோனா இரண்டாம் அலை கொஞ்சம் அடங்கிய சமயம், எனக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. புதுக் கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள். அதுவரை எழுத்தெல்லாம் கலங்கல். அப்போது பள்ளிக்கூடம் இல்லாததால் சென்னையிலிருந்து மகள் வழிப் பேத்தி எங்களோடு வந்து இருந்தாள். ஒன்பது வயது. இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். "பாப்பா வாசிக்கட்டும், தமிழும் வரும்" என்று என் மனைவி ராத்திரி ஜெபத்தில் வேதபுத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள். மத்தேயு முதலிலிருந்து, நாளுக்கு ஒரு அதிகாரம்.

பெரிய சோதனை அது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம். எனக்கோ வழக்கம்போல அதிகாரம் மனதுக்குள் ஓடி முடிந்துவிட்டது. ஆனால் ஓடி முடிந்து எங்கே போவது? அவள் இன்னும் மூன்றாவது வரியில் இருந்தாள். திரும்பி வந்து அவளோடு நிற்கத்தான் வேண்டியிருந்தது. ஐந்தாம் நாள் அந்த இடம் வந்தது. "ச... கோ... த... ரன்" என்று கூட்டினாள். கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சகோதரன்னா பிரதரா தாத்தா?"

"ஆமா. கூடப்பொறந்தவன்."

"உங்களுக்கு இருக்காங்களா?"

அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். நான்கு வீடு தள்ளி இருக்கிறவரைப் பிள்ளைக்குத் தெரியும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது வேடிக்கை பார்க்கப் போய் நின்றிருக்கிறாள். அவர் யார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் "வாசி, வாசி" என்றேன். அவள் வாசித்தாள். அன்றைக்கு ஜெபத்தை நான் செய்யவில்லை. தொண்டை சரியில்லை என்று மனைவியைச் செய்யச் சொன்னேன்.

எட்டு நாள் கழித்துப் பதின்மூன்றாம் அதிகாரம். விதைக்கிறவன். இந்த உவமையை வேளாண்மை ஆள் என்ற முறையில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். பாதையில் விதையைப் போடுகிறவன் என்ன விவசாயி என்று ஒரு பிரசங்கியார் கேலி செய்தபோது, எட்டயபுரத்துக் கரிசலில் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைப்பதைச் சொல்லி, கையால் வீசி விதைக்கிறவனுக்கு ஓரத்தில் நாலு விதை பாதையில் விழத்தான் செய்யும் என்று வாதாடியிருக்கிறேன். பாறை நிலம் எனக்குச் சொந்த அனுபவம். 22 வயதில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் அழுது பீடியை விட்டேன். மூன்று வாரம். அடியில் மண் இல்லை. முள்ளுக்கு நான் கோரையைச் சொல்வேன். மேலே செதுக்கினால் களை எடுத்த மாதிரி இருக்கும், அடியில் கிழங்கு அப்படியே கிடக்கும். மூன்று நிலத்துக்கும் என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. வழியோரத்துக்கு மட்டும் இருந்ததில்லை. அது வேதத்தைக் கேளாத வெளி மனிதர்களுக்கு என்று நினைத்து விட்டுவிடுவேன்.

அன்று ராத்திரி அவள் "பா... தை" என்று கூட்டும்போது சங்கரன்கோவில் பக்கத்து ஒரு நிலம் ஞாபகம் வந்தது.

1984-ல் நடந்தது. ஒரு விவசாயிக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண். நடுவே குறுக்காக ஒரு பழைய வண்டித்தடம் போகும். வேறு பக்கம் ரோடு போட்டதும் ஊரார் அந்தத் தடத்தை விட்டுவிட்டார்கள். அவர் அதையும் சேர்த்து உழுது நிலக்கடலை போட்டார். எல்லாம் ஒன்றுபோல முளைத்தது. தடத்தில் நின்ற செடியும் பச்சைப்பசேல் என்று இருந்தது, மஞ்சளாகப் பூத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பிடுங்கும்போதுதான் தெரிந்தது. மற்ற இடத்தில் செடிக்குப் பதினைந்து இருபது காய். தடத்துச் செடியில் இரண்டு, மூன்று, சிலதில் ஒன்றுமே இல்லை.

கடலைச் செடி மேலே பூத்துக் கீழே காய்க்கிறது. பூ முடிந்ததும் விழுது ஒன்று கீழே இறங்கும். அது மண்ணுக்குள் நுழைந்தால்தான் நுனி திரண்டு காயாகும். மண் இறுகிக் கிடந்தால் விழுது மேலேயே நின்று காய்ந்துவிடும். இதற்காகத்தான் விதைத்த 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு, கொத்தி மண் அணைக்கச் சொல்கிறோம். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது.

அவர் கோபமாக வந்தார். "தடத்து மண்ணுல சத்தே இல்ல சார், உரம் எழுதிக் குடுங்க" என்றார். நான் இரண்டு இடத்திலும் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வந்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் ஏறத்தாழ ஒன்றேதான். உரம் எழுத ஒன்றும் இல்லை. கோடையில் ஒரு மழை பெய்ததும் தடத்தை மம்பட்டியால் ஆழமாகக் கொத்தச் சொன்னேன். ஆழ உழவு, தொழு உரம், பத்து ராத்திரி ஆட்டுக்கிடை. மறுவருடம் பாதி தேறியது. மூன்றாம் வருடம் தடம் எங்கே இருந்தது என்று அவரே காட்டவேண்டியிருந்தது.

"மண்ணு ஒண்ணுதான் சார். மிதிபட்ட மண்ணு" என்றார் அவர்.

முப்பத்தேழு வருடம் கழித்து, கலங்கின கண்ணோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கு அது வந்து விழுந்தது. பாதை என்பது வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய மண் அல்ல. அதே வயல்தான், அதே மண்தான். ஆள் நடந்து நடந்து இறுகினது. என் வயலில் நடந்தது யார்? நான்தான். ஞாயிறுதோறும் நல்ல சட்டை போட்டு, நல்ல குரலோடு, அந்த வார்த்தைகள்மேல் நானே நடந்து போய்க்கொண்டிருந்தேன். மண் பரிசோதனைக்கு எத்தனை நூறு மாதிரி எடுத்து அனுப்பியவன்!

புரிந்த அன்றைக்கே எழுந்து போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஐந்து வாரம் ஆயிற்று. செம்மண்ணில் விதைத்ததும் பெருமழை ஒன்று பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு மாதிரி கட்டிக்கொள்ளும். அடியில் முளை உயிரோடுதான் இருக்கும். மேலே வர முடியாமல் வளைந்து கிடக்கும். அந்த ஐந்து வாரமும் நான் அப்படி இருந்தேன். அவன் முதலில் பேசினால் என்ன, சட்டப்படி நான் செய்தது சரிதானே, இப்போது போனால் வயதான காலத்தில் பயந்துபோய் வந்திருக்கிறான் என்பார்களே, என்று தினம் ஒரு காரணம். கண்ணாடி வந்தது. பாடம் வாசிக்க மறுபடி கூப்பிட்டார்கள். வருகிற ஞாயிறு வாசிக்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், வாசிக்கவேண்டிய பகுதியைச் சத்தமாகப் பழகிக்கொண்டிருந்தேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பாப்பா கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே" என்றாள். கட்டின ஓட்டை உடைக்க விவசாயிகள் முள் கொப்பைக் கட்டி வயலில் இழுப்பார்கள். எனக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது. வேட்டியை மாற்றாமலே இறங்கி நடந்தேன்.

நான்கு வீடு. தம்பி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர்க் குழாய் ஒன்றை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். "வாங்க" என்றான். அதற்கு முன்னால் வரவேண்டிய "அண்ணே" வரவில்லை. அவன் மனைவி எழுந்து, "உக்காருங்க அத்தான்" என்று நாற்காலியைப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிச்சிரு தம்பி."

அவன் குழாயைக் கீழே வைத்தான். "எந்த வார்த்தை?" என்று கேட்டான்.

அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பாகப்பிரிவினை நாளுக்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதில்லை. மனதில்கூட அதைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். இப்போது சொல்லவேண்டியிருந்தது. ஆயிரம் பேர் முன்னால் தடுக்காமல் வாசித்தவன், அந்த ஒரு வரியை அன்றைக்கு எழுத்துக்கூட்டித்தான் சொன்னேன். பாதியில் இரண்டு தடவை நின்றது.

"ஆமா. அதுதான்" என்றான் தம்பி.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். "நான் கூலி கேக்கல. கடைசி ரெண்டு வருஷம் சாயங்காலமானா அப்பாவைத் தூக்கிட்டுப் போயி அந்தக் கிணத்து மேட்டுலதான் உக்கார வைப்பேன். அங்க இருந்தாத்தான் அவரு முகம் தெளியும். அதனாலதான் அந்தப் பக்கம் வேணும்னேன். சொல்ல விடல நீங்க."

எனக்கு இது தெரியாது. மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் வந்து போனவனுக்கு அப்பாவின் சாயங்காலம் எப்படித் தெரியும்? அப்போது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

கருப்பட்டிக் காப்பி வந்தது. குடித்தோம். நாங்கள் கட்டிப்பிடித்து அழவில்லை. போகும்போது, "கெணத்துத் தண்ணி உப்பாயிட்டு, தெரியுமா? நாலு வருஷமாச்சு. மாடுகூட குடிக்க மாட்டேங்கு" என்றான். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றுக்கும் அந்த கதிதான். சரிபாதி எழுதி வாங்கிய கிணறு.

மறுநாள் காலையில் ஐயரிடம் போய், பாடம் வாசிக்கும் பொறுப்பிலிருந்து என்னை விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டேன். கண் என்று சொன்னேன். வாசிக்க நின்றால் என் குரல்தான் எனக்குக் கேட்கும் என்று ஐயரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது கடைசிக்கு முந்தின பெஞ்சில் உட்காருகிறேன். பிள்ளைகள் வாசிக்கிறார்கள், தடுக்குகிறார்கள். அவர்கள் தடுக்கும் இடத்தில் நானும் நிற்கிறேன். அந்த மூப்பர் குறைப்பட்டுக்கொண்ட பையனின் வாசிப்பு எனக்கு நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் அம்மாவின் பழைய வேதபுத்தகத்தை எடுத்து, விரலை வைத்து, ஒரு அதிகாரத்தில் கால்வாசி வாசிக்கிறேன். சில நாள் விரல் பாட்டுக்கு ஊரும், மனது அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். வருடக்கணக்கில் மிதித்த தடம், மூன்று வருடத்தில் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. கிணற்றுப் பாகத்தைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். "அது கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். தூத்துக்குடியில் இருக்கும் தம்பி மகன் என்னோடு இன்னும் பேசுவதில்லை. அந்த நாளில் அவனுக்கு 14 வயது, தாழ்வாரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. போன கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வந்தவன் என்னைக் கண்டதும் உள்ளே போய்விட்டான். அவனிடம் போகவேண்டியது என் வேலை. எப்படி என்று இன்னும் தெரியவில்லை.

பேத்தி இப்போது லீவுக்கு வந்தால் பாதி நாள் சின்னத் தாத்தா வீட்டில்தான். ஒரு நாள் ஓடி வந்து, "தாத்தா, நீங்க நல்ல நிலம், அவங்க காக்காவாமே! எல்லாத்தையும் தின்னுட்டாங்களாமே!" என்றாள். தம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூப்பரிடம் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டுத் திரும்பினால், செருப்புக் கிடக்கும் இடத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். மேற்கே கருக்கலாக இருந்தது.

"உளுந்து போட்டுரலாமாண்ணே? இல்ல, இன்னொரு மழை பாக்கவா?"

முப்பத்துமூன்று வருடம் ஊரெல்லாம் விவசாயம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் தம்பி என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தேன். இன்னும் ஒரு வாரம் பொறு என்றேன்.